டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு இரவுப் பஸ்: முதல் முறை போகிறவர்களுக்கு

டர்பனுக்கு வேலைக்கு வந்தவர்கள் என்றாவது ஒருநாள் பிரிட்டோரியா போயே ஆக வேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவுக்குத் தலைநகரம் மூன்று. நாடாளுமன்றம் கேப்டவுனில், மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபோன்டைனில், அரசு நிர்வாகம் பிரிட்டோரியாவில். தூதரகங்களில் பெரும்பாலானவை பிரிட்டோரியாவில்தான். எனக்கும் ஒரு விசா நேர்காணல், திங்கட்கிழமை காலை 9 மணிக்கு. அந்தப் பயணத்தில் பட்டதையும், அதற்குப் பிறகு நாலைந்து முறை போய்வந்ததில் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

விமானம் இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் அது ஜோஹன்னஸ்பர்க்கில்தான் இறக்கிவிடும், அங்கிருந்து இன்னொரு பயணம் பாக்கி. கடைசி நேரத்தில் எடுத்தால் விலையும் கடிக்கும். சாலை வழி 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பஸ் ஒன்பது மணி நேரம் எடுக்கும், நின்று நின்று போனால் பத்து.

டிக்கெட்

இணையத்தில் எடுக்கலாம். அட்டை இல்லாவிட்டால் ஷாப்ரைட் அல்லது செக்கர்ஸ் கடையின் மணி மார்க்கெட் கவுண்டரில் பணம் கொடுத்தும் எடுக்கலாம். முதல் தடவை கவுண்டர்தான் என் சிபாரிசு. வரிசையில் அரை மணி நேரம் போகும், ஆனால் தவறாக எழுதினால் கேட்டுத் திருத்த எதிரில் ஒரு ஆள் இருப்பார்.

இணையத்தில் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அடையாள எண் கேட்கும் கட்டம் இந்நாட்டவரின் 13 இலக்க எண்ணை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பாஸ்போர்ட் என்று மாற்றிக்கொள்ள ஒரு தேர்வு இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள்.

சரி, இப்போது நான் விழுந்த பள்ளத்துக்கு வருகிறேன்.

ஞாயிறு இரவு கிளம்பினால் திங்கள் காலை போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வந்த பட்டியலில் முதலிலேயே 00:15 என்று ஒரு பஸ், விலையும் குறைவு. ஞாயிறு ராத்திரி பன்னிரண்டே கால், தூங்கி எழுந்தால் பிரிட்டோரியா என்று சந்தோஷமாக வாங்கிவிட்டேன். ஞாயிறு இரவு 11:15க்குப் பையும் கையுமாக பஸ் நிலையத்தில் நிற்கிறேன். கவுண்டரில் இருந்த அம்மா டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். என் பஸ் போய் இருபத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நம் பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில் பிறக்கிறது. ராத்திரி பன்னிரண்டே கால் என்றால் நமக்கு இன்னும் அதே நாள். கணினிக்கு அப்படியில்லை, 00:00 அடித்ததும் அடுத்த தேதி. ஞாயிறு 00:15 என்பது நாம் சனிக்கிழமை ராத்திரி என்று சொல்லும் நேரம். எனக்கு வேண்டியிருந்தது திங்கள் 00:15. பஞ்சாங்கப்படி நான் சொன்னதுதான் சரி, ஆனால் பஞ்சாங்கத்தைக் காட்டிப் பஸ் ஏற முடியாது.

அதனால் நேரம் 00 அல்லது 01 என்று தொடங்கினால் விரலை எடுத்துவிட்டு யோசியுங்கள்: எந்த ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பப் போகிறேன்? அதற்கு அடுத்த நாளின் தேதிதான் டிக்கெட்டில் இருக்க வேண்டும். இவ்வளவு குழப்பமே வேண்டாம் என்றால், இரவு 9, 10 மணிப் பஸ்ஸாகப் பார்த்து எடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், ஐம்பது ராண்ட் கூடப் போனாலும் சரி.

விலையில் இன்னொரு சூட்சுமம். இங்கே பலருக்கு மாதம் 25ஆம் தேதி வாக்கில் சம்பளம், அதை ஒட்டிய வெள்ளிக்கிழமைகளில் இடம் கிடைக்காது. டிசம்பர் நடுவில் ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து ஜனமெல்லாம் கடல் பார்க்க டர்பனுக்கு இறங்கும். டர்பன்காரர்கள் அவர்களை 'வாலீ' என்று கிண்டல் செய்வார்கள். அப்போது நாம் எதிர்த்திசையில் போகிறோம், டிக்கெட் சுலபம். அவர்கள் வீடு திரும்பும் ஜனவரி முதல் வாரத்தில் நாம் போக நினைத்தால் திண்டாட்டம்தான்.

ஏறுவதற்கு முன்

டர்பனின் தொலைதூரப் பஸ் நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. இரவில் அங்கே நடந்து போக வேண்டாம், வாசல் வரை ஊபரிலோ போல்ட்டிலோ போய் இறங்குங்கள். முக்கால் மணி நேரம் முன்னால் போனால் போதும். பாஸ்போர்ட்டின் நகல் மட்டும் போதாது, அசலும் வேண்டும். பெரிய பை பஸ்ஸின் வயிற்றில் போகும், அதற்கு ஒட்டும் சீட்டின் பாதியைப் பத்திரமாக வையுங்கள். பாஸ்போர்ட், பணம், மடிக்கணினி எல்லாம் காலடியிலோ மடியிலோ இருக்கட்டும், தலைக்கு மேல் தட்டில் வேண்டாம்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நம் கட்டுச்சோற்றுக்கு இந்த ஊரில் 'பாட்கோஸ்' என்று பெயர், ஆஃப்ரிகான்ஸ் சொல், வழிச் சாப்பாடு என்றுதான் அர்த்தம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பக்கத்து வீட்டு ஆயா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நாலாவது தலைமுறை. தமிழ் அவரிடம் சாமிப் பாட்டிலும் சமையல்கட்டிலும்தான் மிச்சமிருக்கிறது. நான் பயணம் என்று சொன்னால் போதும், உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டிய நாலு ரொட்டி வந்துவிடும். "வேண்டாம் ஆயா, வழியில் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு முறை மறுத்துவிட்டு, புரட்டாசி விரதத்தில் நெடுஞ்சாலைக் கடையில் சீஸ் டோஸ்ட்டும் சிப்ஸுமாக ராத்திரியை ஓட்டினேன். மறுபடி மறுக்கவில்லை.

அப்புறம், போர்வை. சிரிக்காதீர்கள். இங்கே குளிர்காலம் ஜூலையில்தான், அப்போதும் டர்பனில் பகலில் அரைக்கைச் சட்டை போதும். ஆனால் பஸ் இரவோடு இரவாக ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வழியில் ஹாரிஸ்மித் ஊரில் கழிப்பறைக்கு இறங்கினால் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். விமானத்துக் கழுத்துத் தலையணையெல்லாம் வீண் செலவு. ஒரு கம்பளியும் காதுக்குக் குல்லாவும் போதும்.

வழி

ஜோஹன்னஸ்பர்க் வரை என்3 நெடுஞ்சாலைதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூயி ரிவர், அப்புறம் வான் ரீனன் கணவாய் ஏறி ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். இரவில் ஒன்றும் தெரியாது. அதனால் போகும்போது இரவு, திரும்பும்போது பகல் என்பது என் வழக்கம். திரும்பும் பகல் பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் கேளுங்கள், டிராகன்ஸ்பர்க் மலைத்தொடர் அந்தப் பக்கம்தான்.

இறங்குமிடம்

டிக்கெட்டில் பார்க்க வேண்டிய இரண்டாவது வரி இது. பல பஸ்கள் ஜோஹன்னஸ்பர்க் பார்க் ஸ்டேஷனோடு முடிந்துவிடும். பிரிட்டோரியா வரை போகும் பஸ்ஸாகப் பார்த்து எடுங்கள். அது மிட்ரான்ட், சென்டூரியன் என்று நின்றும் போகலாம், அந்தப் பெயர்களைக் கேட்டு எழுந்து இறங்கிவிடாதீர்கள்.

பஸ்ஸைத் தவறவிட்ட அன்று எனக்கு வேறு வழியில்லை. அந்தக் கவுண்டர் அம்மாவே நாலு இடத்துக்குப் போன் போட்டு, வேறொரு கம்பெனியின் 23:30 பஸ்ஸில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். முழுக் காசு மறுபடியும். அதுவும் பார்க் ஸ்டேஷன் வரைதான். ஏழரைக்கு இறங்கினேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பதற வேண்டாம், அதே வளாகத்தின் கீழே கௌட்ரெய்ன் என்ற விரைவு ரயில் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே தெருவுக்குப் போகாமல், பலகை காட்டும் வழியில் உள்ளேயே செல்லுங்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் ரயில் இல்லை. கௌட்ரெய்ன் அட்டை வாங்கிப் பணம் ஏற்றலாம், அல்லது தட்டிச் செலுத்தும் வங்கி அட்டையையே கதவில் தட்டலாம். ரயிலுக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது, சூயிங் கம் கூட. மிச்ச ரொட்டியைப் பார்த்துக்கொண்டே போனேன். பிரிட்டோரியாவுக்கு அடுத்தது, கடைசி நிலையம், ஹாட்ஃபீல்ட். தூதரகங்கள் பல அந்தப் பக்கமும் ஆர்கேடியாவிலும் இருப்பதால் அங்கே இறங்குவதே மேல். தூதரக வாசலுக்கு 8:50க்குப் போய்ச் சேர்ந்தேன், சட்டை கசங்கி.

நேராக பிரிட்டோரியா போகும் பஸ் பழைய ரயில் நிலையத்தின் அருகே நிற்கும். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த 1910ஆம் வருடத்துக் கட்டடம் அது. விடியும் முன் வந்துவிட்டால் வெளியே கிளம்பாமல், வெளிச்சம் வரும்வரை உள்ளேயே உட்காருங்கள்.

வேலை சீக்கிரம் முடிந்தால் மரபாஸ்டாட் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு டாக்சி பிடியுங்கள். சுற்றிலும் குடியிருந்த நம்மவர்களை நிறவெறிச் சட்டம் லாடியம் பக்கம் துரத்திவிட்டது. கோபுரம் மட்டும் சந்தைக் கடைகளுக்கு நடுவே நிற்கிறது.

பின்னால் சேர்த்தது

படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்குக் குடும்பப் பெயர் கட்டம் பிரச்சினை. நம் பாஸ்போர்ட்டில் பலருக்கு அந்த இடம் காலி, இணையதளமோ காலியாக விட்டால் நகராது, இனிஷியல் ஒற்றை எழுத்தையும் ஏற்காது. நான் இரண்டு கட்டத்திலும் என் பெயரையே போடுகிறேன், ஏறும்போது பாஸ்போர்ட் எண்தான் பார்த்தார்கள். அப்பா பெயரைப் போடாதீர்கள், அது உங்கள் பாஸ்போர்ட்டின் முன்பக்கத்தில் இருக்காது.

இன்னொருவர் பிரிட்டோரியா வரை டிக்கெட் எடுத்தும் பார்க் ஸ்டேஷனில் பஸ் மாறச் சொல்லி எழுப்பிவிட்டார்களாம். அப்படியும் நடக்கிறது. ஏறும்போதே ஓட்டுநரிடம் "இதே பஸ்தானா?" என்று கேட்டுவிடுங்கள். மாறும்போது பெரிய பையையும் நீங்கள்தான் இறக்கி ஏற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் முந்தைய நாள் வான் ரீனன் வானிலையைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி என்3 மூடப்பட்டது, இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். செப்டம்பர் என்றால் குளிர் முடிந்துவிட்டது என்று நம்பிய மாதம் அது. நேர்காணல் மாதிரி தவறவே கூடாத வேலை என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.