உப்புக் காத்துல இறுகிப்போன சஸ்பென்ஷன் நட்டை உடைக்காம கழட்டுறது எப்படி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கார் வச்சிருக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல, மதுரைல கால் மணி நேரத்துல கழண்டு வர்ற லிங்க் ராடு (வளைவுல வண்டி ரொம்ப சாயாம இருக்க சஸ்பென்ஷன்ல மாட்டுற சின்னக் கம்பி) நட்டு நம்ம ஊர்ல ஒரு நாள் முழுக்க உயிர வாங்கும். கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துல தென்கடல்ல இருந்து உப்பு பறக்கும், வாடைக் காத்துக்கு வடகடல்ல இருந்து பறக்கும், வண்டிக்கு அடியில இருக்குற இரும்புக்கு வருசம் முழுக்க ஓய்வே கெடையாது. 2025ல தெறந்த புது பாம்பன் ரயில் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் துருவத் தாங்குற பெயிண்டும் தேவைப்பட்டிருக்குன்னா நம்ம வண்டியோட 17 நம்பர் நட்டு எம்மாத்திரம்.

மொதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கங்க. இரும்பு துருவா மாறும்போது அதோட பருமன் கூடிடும், நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல மரைக்குள்ள (திருகு வரிக்குள்ள) இருக்குற அந்த மயிரிழை எடத்துல துரு ஊதிப்போய் ஆப்பு அடிச்ச மாதிரி நிக்குது. அதனால வெறும் பலத்தக் காட்டுனா நட்டு கழறாது, போல்ட்டு கழுத்து முறியும். நாலு வருசம் முன்னாடி எனக்கு அதான் நடந்துச்சு, லோயர் ஆர்ம் (சக்கரத்த வண்டியோட இணைக்கிற கீழ்க் கை) நுனியில உள்ள பால் ஜாயிண்ட்ட இறுக்கிப் புடிக்கிற போல்ட்டுக்கு ஸ்பேனர்ல ரெண்டடி பைப்ப சொருகி ஒரே இழுப்பு இழுத்தேன், போல்ட்டு பாதி நக்கிளுக்குள்ளயே (சக்கரம் மாட்டியிருக்குற கெட்டிப் பாகம்) ஒடஞ்சு நின்னுடுச்சு, நக்கிள மொத்தமா கழட்டி ராமநாதபுரத்துல லேத்துல குடுத்து ட்ரில் போட்டு எடுத்தோம். போட் இன்ஜின் வேல பாக்குற எங்க மாமா வந்து பாத்துட்டு ஒண்ணுதான் சொன்னாரு, "மாப்ள, கடல்ல கெடக்குற இரும்புக்கு மொத நாளு எண்ணெய் மட்டும்தான், ஸ்பேனர் மறுநாளுதான்." அதுல இருந்து நான் அப்படித்தான் செய்றேன், அதுக்கப்பறம் ஒரு போல்ட்டு கூட ஒடஞ்சது இல்ல.

மொத நாள் வேல இது. கம்பி பிரஷ் எடுத்து நட்ட மட்டும் தேய்க்காதீங்க, நட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற மரைய நல்லா வெள்ளையாத் தெரியிற வரைக்கும் தேயுங்க. நட்டு வெளிய வர்ற வழியே அதுதான், அங்க துரு இருந்தா ரெண்டு சுத்து வந்தப்பறம் மறுபடி இறுகும், பல பேர் போல்ட்ட ஒடைக்கிறது அந்த எடத்துலதான். அப்பறம் எண்ணெய். சாதா டபிள்யூடி 40 முக்கியமா ஈரத்த வெளியேத்துறதுக்கு உள்ளது, லேசான துருவுக்கு ஓகே, நம்ம ஊர் துருவுக்கு துரு கழட்டுறதுக்குன்னே வர்ற பெனட்ரேட்டிங் ஸ்ப்ரே வாங்குங்க. அது கெடைக்கலன்னா ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு ஊத்துற ஏடிஎஃப் ஆயில் பாதி, அசிட்டோன் பாதி கலந்து வச்சுக்கலாம், ரெண்டும் சட்டுனு பிரிஞ்சுடும்கிறதால ஒவ்வொரு தடவையும் குலுக்கணும், தீ பக்கத்துல கொண்டு போகவே கூடாது. சாயங்காலம் ஒரு தடவ, படுக்கப் போறப்ப ஒரு தடவ, விடிஞ்சதும் ஒரு தடவ ஊத்துங்க. ஊத்திட்டு நட்டோட பக்கவாட்டுல சுத்தியலால டொக் டொக்னு பத்து தட்டு, பலமா வேணாம், அந்த அதிர்வுல துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ள எறங்கும். பிரேக் டிஸ்க்க ஒரு பிளாஸ்டிக் பையால மூடிருங்க, டிஸ்க்லயோ பேட்லயோ எண்ணெய் பட்டா பிரேக் புடிக்காது.

மறுநாள் ஜாக்கி. நம்ம வீட்டு வாசல் எல்லாம் மணல், ஜாக்கி புதையும், அதனால தடிமனான பலகைய அடியில போட்டு அதுக்கு மேல ஜாக்கி, அப்பறம் கட்டாயமா ஜாக்கி ஸ்டாண்டு, அதுக்கும் பலகை. ஹாலோ பிளாக் கல்ல முட்டுக் குடுக்குறத நானே பல எடத்துல பாத்துருக்கேன், தயவுசெஞ்சு வேணாம், அந்தக் கல்லு சொல்லாம கொள்ளாம நொறுங்கும். மத்த சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வைங்க. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, அடியில படுத்துக்கிட்டு மேல பாத்து வேல செய்யறப்ப துரு நேரா கண்ணுலதான் விழும்.

ஓபன் ஸ்பேனர தூர வச்சிருங்க. ஆறு முனை சாக்கெட், இல்லன்னா நல்ல ரிங் ஸ்பேனர். பன்னெண்டு முனை சாக்கெட் துரு தின்ன நட்டோட முனைய மழுக்கிடும். 17 லொடலொடன்னு இருந்தா 16 சாக்கெட்ட சுத்தியலால தட்டி ஏத்துங்க. இப்ப கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சூண்டு டைட் பண்ற பக்கம் ஒரு அழுத்து குடுங்க, துரு கட்டு ஒடையுறதுக்கு அது ஒதவும், அப்பறம் லூஸ் பக்கம். அடியில படுத்துருக்குறப்ப எது எந்தப் பக்கம்னு குழம்பும், நட்டு முகம் நம்மளப் பாக்குற மாதிரி நெனச்சுக்கிட்டு இடம்சுழியா திருப்புங்க.

கை என்ன சொல்லுதுன்னு கவனிக்கறது ரொம்ப முக்கியம். கல்லு மாதிரி நின்னுட்டு திடீர்னு டக்குனு விட்டா நல்லது. அப்படி இல்லாம ரப்பர் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு குடுத்துக்கிட்டே வந்தா நட்டு திரும்பல, போல்ட்டு முறுகுதுன்னு அர்த்தம், அந்த நிமிசமே நிறுத்திருங்க. நட்டு கால் சுத்து வந்து கிறீச்னு சத்தம் போட்டா மேல இழுக்காதீங்க, எண்ணெய் விட்டு பழையபடி உள்ள திருப்பி மறுபடி வெளிய, முன்ன கால் சுத்து பின்ன அரைக்கால் சுத்துன்னு பொறுமையா கொண்டு வாங்க.

லிங்க் ராடு தனிக் கதை, ஏன்னா நட்டோட சேந்து நடுவுல உள்ள பால் ஸ்டட்டும் சுத்தும். ஸ்டட் நுனியில ஆலன் கீ ஓட்டை இருக்கும், அதுக்குள்ள இருக்குற துருவையும் மண்ணையும் ஊசியால கிளறி எடுத்துட்டு கீய தட்டி உள்ள எறக்கி அதை அசையாம புடிச்சுக்கிட்டு ரிங் ஸ்பேனரால நட்ட திருப்பணும். ஓட்டை மழுங்கிடுச்சுன்னா கவலப்படாதீங்க, எப்படியும் புது லிங்க்தான் போடப்போறீங்க, ரப்பர் உறைய வெட்டிட்டு பின்னாடி ஸ்டட்ட வைஸ் கிரிப்பால கடிச்சுப் புடிக்கலாம், அதுவும் ஆகலன்னா கிரைண்டர்ல நட்டோட ஒரு பக்கத்த மரை தெரியற வரைக்கும் வெட்டி உளிய வச்சு ஒரு தட்டு, நட்டு வாயப் பொளந்துரும்.

சூடு வைக்கறது கடைசிக்கு முந்துன வழி. எண்ணெய சுத்தமா தொடச்சுட்டுதான் தீ விடுற கேஸ் டார்ச், போல்ட்ட விட்டுட்டு நட்ட மட்டும் சூடாக்கணும், நட்டு விரிஞ்சா பிடி தளரும். சூடா இருக்கும்போதே மரையில மெழுகுவத்திய தேச்சா உருகி உள்ள இழுத்துக்கும், அது நல்லாவே வேல செய்யுது. ஷாக் அப்சர்பர், பிரேக் ஹோஸ், பெட்ரோல் டேங்க், ரப்பர் புஷ் (மூட்டுல அதிர்வத் தாங்குற ரப்பர் உருளை) இது பக்கத்துல தீயே வேணாம், ஷாக் உள்ள கேஸ் அழுத்தம் இருக்கும், வெடிக்கும். சூடு பட்ட நட்டு போல்ட்ட திரும்பப் போடாதீங்க, இரும்போட பதம் போயிருக்கும்.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுல நட்டு கழண்டும் போல்ட்டு வரலன்னா, அது புஷ்ஷுக்குள்ள இருக்குற இரும்புக் குழாயோட ஒட்டிப் போச்சு. தலையத் திருப்புனா ரப்பரும் சேந்து முறுகும், வச்சு அடிச்சும் பலன் இருக்காது, ரெண்டு பக்கமும் பிளேடால அறுத்துட்டு புஷ்ஷும் போல்ட்டும் புதுசு வாங்கிருங்க.

ஸ்ட்ரட்டுக்கு (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேந்த தூண்) மேல நடுவுல இருக்குற நட்ட மட்டும் துரு புடிச்சாலும் புடிக்காட்டியும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாம தொடாதீங்க. சுருண்டு கெடக்குற ஸ்பிரிங் அந்த ஒத்த நட்ட நம்பித்தான் நிக்குது, கழண்டா ஆளையே கொல்லும்.

திரும்பப் போடறப்ப நம்ம ஊர்ல ஒரு தப்பு அடிக்கடி நடக்குது, படகுக்குப் போடுற எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டு துருவே புடிக்காதேன்னு அதை வாங்கி சஸ்பென்ஷன்ல மாட்டறது. கடைல கெடைக்கிற ஏ2-70 எஸ்எஸ் போல்ட்டு 700 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும், வண்டில வர்றது 8.8ன்னா 800, 10.9ன்னா ஆயிரத்துக்கு மேல. போல்ட்டு தலையில எழுதியிருக்குற நம்பரப் பாத்து அதே நம்பர் வாங்குங்க. நைலான் லாக் நட்டு ஒரு தடவதான், பழச போடாதீங்க. மரையில ஆன்டி சீஸ் (இறுகி ஒட்டாம தடுக்குற) கிரீஸ் மெல்லிசா தடவலாம், ஆனா கிரீஸ் போட்ட மரை ஈஸியா இறுகும், அதனால மேனுவல்ல போட்டுருக்குற டார்க்க (எவ்வளவு பலமா இறுக்கணும்ங்கற அளவு) விடக் கொஞ்சம் கம்மியா வைக்கணும், வீல் நட்டுக்கு மட்டும் தடவாதீங்க. புஷ் போல்ட்ட வண்டி தரையில எறங்கி நிக்கும்போதுதான் கடைசியா டைட் பண்ணணும், தூக்கி வச்சு இறுக்குனா ரப்பர் முறுகின நிலையிலயே நின்னு சீக்கிரம் கிழியும். டை ராடோ (ஸ்டியரிங்ல இருந்து சக்கரத்தத் திருப்புற கம்பி) ஸ்ட்ரட்டோ கழட்டியிருந்தா வீல் அலைன்மென்ட் பாத்துருங்க.

எல்லாம் முடிஞ்சப்பறம் நீட்டிக்கிட்டு இருக்குற மரை மேல கெட்டி கிரீஸ அப்பி விடுங்க. ரப்பர் மேல படாம பாத்துக்கங்க, பழைய இன்ஜின் ஆயில அடியில அடிக்கிற பழக்கம் இங்க உண்டு, அதுல புஷ் ஊறி வீங்கிடும். தனுஷ்கோடி அரிச்சல்முனை போயிட்டு வந்தாலோ, மீன் லாரி ஒழுக்குன ரோட்டுல பின்னாடியே வந்தாலோ அன்னைக்கே அடியக் கழுவுங்க, மருந்தடிக்கிற கைப்பம்பு இருந்தா ரெண்டு கொடம் தண்ணி போதும். ஆனா போர் தண்ணிய மொதல்ல ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, கரிச்சா அதுல கழுவாதீங்க, காவேரி தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு கொடம் தனியா எடுத்து வச்சுக்கங்க.