வாரத்துக்கு இரண்டு மணி நேரம்: பல்கலைக்கழக மாணவர் சமூக சேவையைத் தொடங்குவது எப்படி?

முதலாமாண்டு படிக்கும்போது, பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலை நேர இலவச வகுப்பு ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். நான்கு வாரம் தவறாமல் போனேன். அப்புறம் பருவத் தேர்வு வந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி போனபோது, என்னிடம் படித்த பையன் தன் நோட்டை எடுத்து வந்தான். நான் கடைசியாகக் கொடுத்த ஐந்து பின்னக் கணக்கையும் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நான் திருத்துவதற்காக இடம் விட்டிருந்தான். அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

சேவை செய்ய ஆசைப்படும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த நோட்டைப் பற்றித்தான். எங்கே சேரலாம் என்று தேடுவதற்கு முன்னால், 'நான் நின்றுபோனால் அங்கே யார் காத்திருப்பார்கள்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வேலைகளில் ஒரு மனிதர் காத்திருப்பார். சில வேலைகளில் ஒரு பக்கமோ ஒரு வரைபடமோ காத்திருக்கும்; அதற்கு வலிக்காது. இரண்டும் தேவையான வேலைகள்தான். உங்கள் நேரத்துக்கு எது பொருந்தும் என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால், பாதியில் விட்டுவிட்டு வருந்த வேண்டியிருக்காது.

படி 1: மோசமான வாரத்தைக் கணக்கில் எடுங்கள்

ஒரு தாளில் இந்தப் பருவத்தின் வாரங்களை வரிசையாக எழுதுங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வு, ஆய்வக ஏடு சமர்ப்பிக்கும் நாள், ப்ராஜெக்ட், பருவத் தேர்வு, ஊருக்குப் போகும் விடுமுறை எல்லாவற்றையும் குறியுங்கள். இப்போது அதிலேயே நெருக்கடியான வாரம் எது என்று பாருங்கள். அந்த வாரத்திலும் உங்களால் எத்தனை மணி நேரம் தர முடியும்? அதுதான் உங்கள் அளவு. ஓய்வாக இருக்கிற வாரத்தை வைத்து ஆறு மணி நேரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், ஐந்தாவது வாரத்திலேயே சிக்கல் வரும்.

போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால், இரண்டு மணி நேர வேலை உங்களிடமிருந்து நான்கு மணி நேரத்தை எடுக்கும். கணக்குப் போட்டபின் வாரம் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சுகிறதா? போதும். சின்ன அளவாக இருக்கிறதே என்று கூச வேண்டாம்.

படி 2: வேலையைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் நேரம் ஏறி இறங்கும் என்றால், 'பக்கம் காத்திருக்கும்' வேலைகளில் தொடங்குங்கள். எனக்கு மிகவும் பிடித்தது, எவரும் பங்களிக்கக்கூடிய இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பது. காப்புரிமை முடிந்த பழைய நூல்களும் உரிமையாளர்களே பொதுவில் விட்ட நூல்களும் அங்கே ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு பாதியில் நூலின் பக்கப் படம் இருக்கும். மறுபாதியில் கணினி அதைப் படித்து எழுதிய உரை இருக்கும். கணினிக்குத் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் 'கால்' என்பது 'கரல்' ஆகிவிடும், 'தான்' என்பது 'தரன்' ஆகிவிடும். படத்தைப் பார்த்துப் பார்த்து இவற்றைத் திருத்த வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பாக இருக்கும். நீங்கள் திருத்திச் சேமித்தால் மஞ்சளாகும். இன்னொருவர் வந்து மறுபடி சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது என்பது நல்ல ஏற்பாடு. இலக்கியம் படிக்கும் மாணவர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்யலாம். தேர்வு வந்தால் நிறுத்தலாம், பக்கம் அங்கேயே இருக்கும். அது பச்சையாகி முடிந்தபின், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாகப் படிக்கும் பார்வையற்றவருக்கும் அந்த நூல் கிடைத்துவிடும்.

வரைபடத்தில் ஆர்வம் இருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004-இல் தொடங்கிய, எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுவினர் அதை வைத்து வழி கண்டார்கள். அதே வழியில், வரைபடத்தில் இன்னும் ஏறாத ஊர்களுக்காக 2014-இல் மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற முயற்சி தொடங்கியது. புதியவருக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் வீடுகளை வரைவது. சாய்வாக எடுத்த படத்தில் கூரை ஒரு பக்கம் தள்ளித் தெரியும். கூரையின் விளிம்பை வரைந்து முடித்து, அந்தக் கட்டத்தை அப்படியே இழுத்து, சுவர் தரையைத் தொடும் இடத்தில் வைக்க வேண்டும். மூலைகள் கோணலாக வந்தால், உலாவியிலேயே இயங்கும் ஐடி (iD) என்ற வரைபடத் தொகுப்பானில் க்யூ விசையை அழுத்துங்கள், செங்கோணமாகிவிடும்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் பி மை ஐஸ் செயலியைப் பாருங்கள். பார்வையற்ற ஒருவர் காணொளியில் அழைத்து, 'இந்த மருந்து அட்டையில் தேதி என்ன போட்டிருக்கிறது?' என்பது போலக் கேட்பார். பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். ஒரே அழைப்பு பல தன்னார்வலர்களுக்குப் போகும் என்பதால், வகுப்பில் இருக்கும்போது நீங்கள் எடுக்காவிட்டாலும் வேறொருவர் எடுத்துவிடுவார்.

இரத்த தானம் தனி வகை. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுகோல் 18 முதல் 65 வயது, குறைந்தது 50 கிலோ எடை. மற்ற விதிகள் இடத்துக்கு இடம் மாறும், மருத்துவ முகாமில் கேட்டால் சொல்வார்கள். முன்னதாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ஒருமுறை கொடுத்ததோடு விடாமல், அடுத்து எப்போது கொடுக்கலாம் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பணம் வாங்காமல், தொடர்ந்து கொடுக்கிறவர்களின் இரத்தம்தான் மிகவும் பாதுகாப்பானது.

சரி, இனி மனிதர் காத்திருக்கும் வேலைகள். பிள்ளைகளுக்குப் பாடம், முதியோரைச் சென்று பார்ப்பது, மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வழிகாட்டுவது, மன உளைச்சலில் இருப்போருக்கான உதவி எண்ணில் பேசுவது என்று நிறைய உண்டு. உதவி எண்ணுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: முறையான பயிற்சி தராத இடத்தில் சேராதீர்கள். உங்கள் மனமே சோர்ந்திருக்கும் காலத்திலும் வேண்டாம்.

இவற்றில் மாணவர்களுக்கு மிகவும் பொருந்துவது, தேர்வில் சொல்வதை எழுதுபவராகப் போவது. ஸ்கிரைப் என்றால் எல்லோருக்கும் புரியும். பார்வையற்றவரோ கையால் எழுத முடியாதவரோ விடையைச் சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்கு வினாவை வாசித்துப் பாருங்கள்: 'எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு.' வகுப்பது ஒன்றை மட்டுமா, எக்ஸையும் சேர்த்தா? தாளைப் பார்க்கிற உங்களுக்குத் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. 'ஒரு பின்னம், தொகுதியில் எக்ஸ் கூட்டல் ஒன்று, பகுதியில் இரண்டு, பின்னம் முடிந்தது' என்று வாசித்தால்தான் சரியாகப் போய்ச் சேரும். வினாவோடு அதற்கான மதிப்பெண்ணையும் வாசியுங்கள். எவ்வளவு எழுதுவது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். பெயர்ச்சொற்களுக்கு எழுத்துக்கூட்டு கேளுங்கள். ஒரு பத்தி முடிந்ததும் வாசித்துக் காட்டுங்கள். அவர் தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். அப்போது நீங்கள் 'ம்' என்று இழுத்தாலோ ஒரு நொடி தயங்கினாலோ அதுவும் விடை சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அதே பாடம் படிப்பவர் எழுதக்கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு, அதனால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஒத்துக்கொண்ட தேர்வுக்குப் போகாமல் இருக்கவே கூடாது. அவருக்கு ஓர் ஆண்டே வீணாகிவிடலாம். உங்கள் தேர்வுத் தேதியோடு மோதுமா என்று பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

படி 3: சேரும் முன் கேட்க வேண்டியவை

அமைப்பைத் தேடும்போது உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பட்டியல் இருக்கும். மூத்த மாணவர்களிடம், 'நீங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் போன இடம் எது?' என்று கேளுங்கள். ஒரு வருஷம் ஆளைத் தக்கவைத்த இடம் பெரும்பாலும் நல்ல இடமாக இருக்கும்.

பிறகு அமைப்பிடமே கேளுங்கள். என் வேலையை யார் மேற்பார்வை செய்வார்? பயிற்சி உண்டா? ஒரு வாரம் வர முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்? என் இடத்தில் யார் இருப்பார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில், நீங்கள் நின்றால் எல்லாமே நின்றுவிடும். கட்டணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

குழந்தைகள் இருக்கும் இடமென்றால், உங்கள் அடையாள ஆவணத்தைக் கேட்கிறார்களா, உங்கள் பின்னணியை விசாரிக்கிறார்களா என்று கவனியுங்கள். எதுவுமே கேட்காமல் முதல் நாளே குழந்தைகளோடு தனியாக விடும் இடம் நல்ல இடமில்லை. ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று போய்வரும் திட்டங்களில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழகிப் பழகிப் பிரியும் முகங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும், இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்கச் சொல்கிறது.

படி 4: முதல் மடல்

நீளமாக எழுத வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

'வணக்கம். நான் இரண்டாமாண்டு இயற்பியல் மாணவி. இந்தப் பருவம் முடியும்வரை, சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை என்னால் வர முடியும். நவம்பரில் தேர்வு இருப்பதால் மூன்று வாரம் வர இயலாது. எட்டாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லித்தர முடியும். இதற்கு முன் அனுபவம் இல்லை. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் பேசலாமா?'

எப்போது வருவீர்கள், எப்போது வர மாட்டீர்கள் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. ஒருங்கிணைப்பாளருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இருக்கிற இரண்டு மூன்று பேரே எல்லா வேலையும் பார்க்கும் அமைப்புகள் நிறைய.

படி 5: முதல் மாதம்

முதல் மாதத்தில் எதையும் மாற்ற முயலாதீர்கள். 'இதை இப்படிச் செய்தால் நன்றாக இருக்குமே' என்று தோன்றும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பாதிக்குக் காரணம் இருக்கும்.

அதே நோட்டில் ஒவ்வொரு முறையும் மூன்று வரி எழுதுங்கள்: தேதியும் நேரமும், செய்தது என்ன, அடுத்த முறை எங்கே தொடங்க வேண்டும். 'பின்னக் கூட்டலில் பகுதிகள் வேறாக இருந்தால் தடுமாறுகிறாள், பெருக்கல் நன்றாக வருகிறது' என்கிற அளவுக்கு இருந்தால் நல்லது. சான்றிதழோ மதிப்புப் புள்ளியோ வேண்டுமென்றாலும் இந்த மணிக்கணக்கே ஆதாரம். சான்றிதழ் கேட்பதில் தவறில்லை, ஆனால் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

புகைப்படம் பற்றி ஒன்று. உதவி பெறுகிறவரின் முகத்தை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போடாதீர்கள். அவர் சரி என்று சொன்னாலும், உங்களிடம் மறுத்துப் பேசும் நிலையில் அவர் இருக்கிறாரா என்று யோசியுங்கள். குழந்தைகள் என்றால் வேண்டவே வேண்டாம்.

படி 6: நிறுத்துவதையும் முறையாகச் செய்யுங்கள்

படிப்பு முடியும், ஊர் மாறும், ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். ஒரு மாதம் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு ஒரு ஜூனியரை அழைத்து வந்து, கடைசி இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் வாரம் அவர் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் அவர் நடத்த, நீங்கள் பாருங்கள். காத்திருக்கிறவரிடமும் நீங்களே நேரில் சொல்லுங்கள்: 'அடுத்த வாரத்திலிருந்து நான் வரமாட்டேன், இந்த அக்கா வருவார்கள்.' திருத்த வேண்டிய கணக்கு பாக்கி இருந்தால் அன்றைக்கே திருத்திவிட்டு, உங்கள் மூன்று வரி நோட்டைப் புதியவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.