பை நிறையப் பொருளோடு சாகாதீர்கள்

நெட்ஹேக் என்ற கணினி விளையாட்டை ஆடுபவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பொதுச் சர்வரில் ஒருவர் ஆடுவதை இன்னொருவர் நேரலையில் உட்கார்ந்து பார்க்கலாம். கறுப்புத் திரையில் ஒரு @ குறி தனியாக நகரும். அதுதான் ஆள். எழுத்துகளின் உருவில் பூதங்களும் பூச்சிகளும் அதைச் சுற்றி வளைக்கும். எங்கோ இருக்கும் நாம் வேடிக்கை பார்ப்போம். வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களைப் பிடித்துப் பாதாளத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் சாவதை ஒளிபரப்பி ரசிப்பதாகக் கதைகள் வருகின்றன அல்லவா? அந்தப் பார்வையாளர் வரிசையில் பல வருடங்களாக எனக்கு ஓர் இடம் உண்டு. போட்டியாளராக இறங்கிச் செத்த கணக்கு அதைவிடப் பெரியது.

போன வாரம் ஒரு புதியவர் ஒரே இரவில் மூன்று முறை செத்தார். மூன்றும் நான் ஏற்கெனவே செத்துப் பார்த்த சாவுகள். மூன்றாவதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980 வாக்கில் வந்த ரோக் என்ற ஆட்டத்தின் வழிவந்தது நெட்ஹேக். 1987-இல் வெளியாகி இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாக உருவாகும். அடியாழத்தில் இருக்கும் யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். செத்தால் செத்ததுதான். சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் வசதி கிடையாது.

கடைக்காரரை அடிக்காதீர்கள், பசித்தால் சாப்பிடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒரு முறை செத்தால் தானாகப் புரிந்துவிடும். பத்து முறை செத்தும் புரியாதவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

மிதக்கும் நீலக் கண்

இந்தப் பூதத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடிக்காதீர்கள். அடித்தால் உறைந்து நிற்பீர்கள், வழியில் போகும் எலிகூட உங்களைத் தின்னும். தூரத்திலிருந்து எதையாவது எறியுங்கள், இல்லையென்றால் சுற்றிப் போங்கள்.

சாமியை அவசரப்படுத்துவது

பிரார்த்தனை செய்தால் உயிர் பிழைக்கலாம் என்று கேள்விப்பட்டதும் புதியவர்கள் எல்லாவற்றுக்கும் கும்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். சாமிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது ஒரு காத்திருப்பு எண் 300-இல் நிற்கும். பொதுவாக டர்னுக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு, ஒன்று வீதம் அது குறையும். பெரிய ஆபத்தில் இருந்தால் அந்த எண் 200-க்கு இறங்கியதும் பிரார்த்தனை பலிக்கும். எது பெரிய ஆபத்து என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஹெச்பி, அதாவது மிச்சமிருக்கும் உயிரின் அளவு, முழு அளவில் ஏழில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டும், அல்லது 5-க்கு வந்துவிட வேண்டும். கால்வாசி இருக்கும்போது கும்பிட்டால் ஏன் கூப்பிட்டாய் என்று அடிதான் விழும்.

பசியிலும் இதே கதை. ‘பசி’ என்று திரையில் வந்தால் அது சின்னத் தொந்தரவு. ‘சோர்வு’ என்று மாறிய பிறகுதான் அது பெரிய ஆபத்துக் கணக்கில் சேரும். ஒரு முறை பலித்துவிட்டால் அடுத்த 1000 டர்னுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். நான் ஒரு முறை பையில் சாப்பாடு இருந்தும், மிச்சம் பிடிக்கலாமே என்று பசிக்காகக் கும்பிட்டேன். அந்தக் கஞ்சத்தனத்தின் விலை அடுத்த பகுதியில் வருகிறது.

பையைத் திறக்காமல் சாவது

இதுதான் என்னை இன்றைக்கும் கடுப்பேற்றும் தவறு.

என்னிடம் ஒரு வால்கிரி இருந்தாள். புதியவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்யும் வீராங்கனை வகை, எளிதில் சாக மாட்டாள். 11-ஆம் தளம். ஹெச்பி 68-க்கு 68. கையில் எக்ஸ்காலிபர் வாள், ஊற்றில் நீண்ட வாளை முக்கி முக்கி வாங்கியது. அந்தத் திமிரும் கூடவே இருந்தது. அறையின் கதவைத் திறந்ததும் இரண்டு சிப்பாய் எறும்புகள்.

சிப்பாய் எறும்பைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். அதன் வேகம் 18, நம்முடையது 12. நாம் இரண்டு அடி வைப்பதற்குள் அது மூன்று அடி வைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கடி, ஒரு கொட்டு. இரண்டும் பட்டால் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று ஹெச்பி போகும். இரண்டு எறும்புகள் என்றால் எல்லா அடியும் படும் கெட்ட நேரத்தில் ஒரே டர்னில் நாற்பதுக்குப் பக்கத்தில் போகலாம். ஓடித் தப்பிக்கவும் முடியாது, அதுதான் நம்மைவிட வேகமாயிற்றே.

முதல் டர்னில் 51. சரி, ஒன்றை வெட்டியாகிவிட்டது, பாதி செத்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்து 29. இன்னும் ஒரே வெட்டு என்றது மனசு. அப்புறம் 11. கும்பிடலாம் என்றால் 11 ஏழில் ஒரு பங்குக்கு மேலே நிற்கிறது, குறைந்தாலும் சாமியைப் பசிக்காகக் கூப்பிட்டு 400 டர்ன்தான் ஆகியிருந்தது. விரல் அதே விசையை மறுபடி அழுத்தியது. வெட்டு தவறியது. செத்தாள்.

மொத்தம் நான்கு விசை. நேரக் கணக்கில் நான்கு விநாடி இருக்குமா?

செத்த பிறகு நெட்ஹேக் ஒரு கேள்வி கேட்கும்: உன் உடைமைகள் என்னென்ன என்று அடையாளம் காட்டட்டுமா? இந்த ஆட்டத்தில் இதைவிடக் கொடூரமான பூதம் எதுவும் இல்லை. ஆம் என்றேன். ‘வளைந்த கோல்’ என்று, உண்மைப் பெயர் தெரியாமல், நான்காம் தளத்திலிருந்து சுமந்து வந்தது தோண்டும் மந்திரக்கோல். அதைத் தரையை நோக்கி ஒரே ஒரு முறை பிரயோகித்திருந்தால் ஓட்டை விழுந்து அடுத்த தளத்தில் இருந்திருப்பேன், எறும்புகள் மேலேயே நின்றிருக்கும். ‘செல்கோ மெர்’ என்று தலைப்பிட்டிருந்த மூன்று மந்திரச் சுருள்களும் இடம் மாற்றும் சுருள்கள். மூன்று! ஒரு குப்பியில் குணமாக்கும் மருந்து வேறு.

போன வாரம் அந்தப் புதியவரும் இதே கேள்விக்கு ஆம் என்றார். அவர் பட்டியலில் உறங்க வைக்கும் மந்திரக்கோல் இருந்தது. செத்தபோது அவரைக் கடித்துக்கொண்டிருந்தவை ஒரே நேர்கோட்டில் வரிசையாக நின்றன. ஒரு பிரயோகத்தில் எல்லாம் தூங்கியிருக்கும்.

இதில் இரண்டு தவறு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதலாவது, கையில் கிடைத்ததை என்னவென்று பார்க்காமல் ‘இருக்கட்டும், பின்னாடி உதவும்’ என்று பையில் போடுவது. மந்திரக்கோல் கிடைத்த இடத்திலேயே, பக்கத்தில் எதிரி இல்லாதபோது, அதைக்கொண்டு தரையில் ஏதாவது பொறித்துப் பாருங்கள். தோண்டும் கோல் என்றால் கல்துகள் பறக்கும், பெயரும் உடனே தெரிந்துவிடும். தரையில் ஊரும் பூச்சிகள் அசைவற்றுப் போனதாகச் செய்தி வந்தால் அது உறக்கக் கோல், இல்லாவிட்டால் மரணக் கோல். இரண்டில் எதுவானாலும் நீங்கள் பணக்காரர். முன்பே அங்கே எழுதியிருந்த எழுத்து மறைந்து போகும் கோல்களும் உண்டு, அதனால் முதலில் விரலால் ஓர் எழுத்தைக் கிறுக்கிவிட்டு அதன்மேல் சோதிப்பது வழக்கம். இதற்குச் செலவு ஓரிரு டர்ன். எதிரியில்லாத ஓரிரு டர்ன்.

சுருளையும் படித்துவிடுங்கள். கிடைக்கும் சுருள்களில் சுமார் 18 சதவீதம் பொருளை அடையாளம் காட்டும் சுருள், அதுதான் மிகச் சாதாரணமானது. கெட்ட சுருள்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. நினைவை அழிப்பது, நெருப்பு வைப்பது, காலில் சங்கிலிக் குண்டு மாட்டுவது என்று சில. அவற்றையெல்லாம் முழு ஹெச்பியோடு, காலி அறையில் சந்திப்பது நல்லதா, இரண்டு எறும்புக்கு நடுவில் சந்திப்பது நல்லதா?

இரண்டாவது தவறு அவசரம். நெட்ஹேக்கில் கடிகாரம் ஓடுவதில்லை. நீங்கள் விசையை அழுத்தாதவரை எறும்பு நகராது. எழுந்து போய்க் குளித்துவிட்டு வரலாம், எறும்பு அங்கேயே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உலகத்திலேயே இவ்வளவு மரியாதை தெரிந்த எதிரி வேறு எங்கும் கிடையாது, அதனிடம் போய் நாம் அவசரப்படுகிறோம். ஹெச்பி பாதியாகக் குறைந்த கணத்தில் நான் இப்போது விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். பையைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். புதிய பதிப்புகளில் ஹெச்பி குறைந்தால் எண் சிவப்பாகும்படி அமைத்துக்கொள்ளலாம். அதையும் செய்துவையுங்கள், கையை எடுக்க ஒரு நினைவூட்டலாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ‘இந்தக் கோலைப் பெரிய ஆபத்துக்கு வைத்திருக்கிறேன்’ என்பவர்களுக்கு என்ன சொல்வது? ஹெச்பி 29 என்பது பெரிய ஆபத்துதான் ஐயா.

அறை நடுவில் நின்று சண்டை

அறை நடுவில் உங்களைச் சுற்றி எட்டுக் கட்டம். குறுகிய நடைபாதையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னுக்கு நகருங்கள்.

எல்பெரத்தின் மேல் நின்று வெட்டுவது

தரைப் புழுதியில் எல்பெரத் என்ற காவல் சொல்லைப் பொறித்து அதன்மேல் நின்றால் பெரும்பாலான எதிரிகள் கைகலப்புக்கு வர அஞ்சும். பழைய ஆட்டக்காரர்களிடம் கேட்டவர்கள் அதன்மேல் நின்றபடி வெட்டலாம் என்று நம்பி வருகிறார்கள். 2003-இல் வந்த 3.4.3 பதிப்பிலேயே ஊறியவர்கள் சொல்லும் ஆலோசனை அது. 2015-இல் 3.6 வந்தபோது விதி மாறிவிட்டது. மேலே நின்று ஆயுதத்தால் தாக்கினால் எழுத்து அழிந்துவிடும். எதிரி பயந்து விலகும்போதும் சில சமயம் அழியும். அதனால் அதை மூச்சு வாங்கிக்கொள்ளும் இடமாக மட்டும் வையுங்கள், பையைத் திறந்து படிக்க உகந்த இடம் அது. பொறித்ததும் சரியாக விழுந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அவசரத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் பயனில்லை. மனிதர்களும் மாட்டுத்தலை மினோட்டாரும் எப்படியும் மதிக்க மாட்டார்கள்.

கோக்கட்ரிஸ்

தொட்டவரைக் கல்லாக்கும் பிராணி இது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கண் தெரியாத நிலையில் தரையைத் தடவிப் பார்க்காதீர்கள், அது செத்துக் கிடக்கலாம். செத்த கோக்கட்ரிஸும் கல்லாக்கும்.

பழைய பிணம்

நீங்களே கொன்று, உடனே தின்றால் பெரும்பாலும் சரி. எப்போது செத்தது என்று தெரியாததைத் தின்னாதீர்கள். லைக்கன் என்ற பாசிப் பூதத்தின் பிணமும் பல்லிப் பிணமும் மட்டும் கெடாது.

‘மேலும்’ என்றால் மேலும் படி

செய்தி நீளமானால் திரையின் மேலே ‘மேலும்’ என்று வந்து நிற்கும். புதியவர்கள் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி அதைத் தாண்டுகிறார்கள். உடம்பு காய்ச்சலாக இருக்கிறது, அதாவது ஓநாய் மனிதனின் கடி ஏறிவிட்டது என்ற செய்தியும் அதற்குள்தான் வரும். போன வாரத்து இரண்டாவது சாவு இந்த வகை. ‘மெதுவாகிக்கொண்டிருக்கிறாய்’ என்று வந்தது, தட்டினார். ‘கைகால் விறைக்கிறது’ என்று வந்தது, அதையும் தட்டினார். அந்தக் கல்லாகும் நோய்க்கு மருந்தான பல்லிப் பிணம் அவர் பையில் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது.

ஆவியாக வருவது

கடைசியாக என் வால்கிரி விஷயம். ஒருவர் செத்த தளத்தை ஆட்டம் சில சமயம் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே சர்வரில் வேறொருவர் அந்த ஆழத்துக்கு வரும்போது அது அவருக்கு முன்னால் விரியலாம். செத்தவரின் பொருள்கள் குவியலாகக் கிடக்கும், பெரும்பாலும் சாபம் பிடித்திருக்கும். காவலுக்குச் செத்தவரின் பெயரில் ஓர் ஆவி நிற்கும், மிக மெதுவாக நகரும்.

இரண்டு நாள் கழித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் 11-ஆம் தளத்தில் இறங்கினார். ஆவி நின்றது, என் பெயரோடு. அவர் அதைச் சுற்றிப் போய்க் குவியலுக்கு வந்து வளைந்த கோலை எடுத்தார். எறும்புகள் எங்கே என்று முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு தரையில் கிறுக்கினார், கல்துகள் பறந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்தன. அவர் நிறுத்தினார். நெடுநேரம் திரை அசையவே இல்லை, பையைப் படித்துக்கொண்டிருந்திருப்பார். அப்புறம் கோலைக் கீழ் நோக்கி ஒரே பிரயோகம், ஆள் மறைந்தார்.

நான் ஏழு தளம் சுமந்த கோலை அவர் எத்தனை டர்ன் சும்மா வைத்திருந்தார் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பது.