டிஎக்ஸ்7 ஒலியைக் கணினியில் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) ஒரு ஒலிக்கு 145 அளவுருக்கள் உண்டு. அதோடு பத்து எழுத்துப் பெயர். இத்தனையையும் திருத்த அந்தக் கருவி தருவது இரண்டு வரி எல்சிடியும் ஒரு டேட்டா ஸ்லைடரும்தான். டெக்ஸெட், எடிசின் போன்ற மென்பொருள்களில் ஆறு ஆபரேட்டர்களின் (ஒலியை உருவாக்கும் அலகுகள்) என்வலப்புகளையும் (ஒலி எழுந்து அடங்கும் வடிவம்) ஒரே திரையில் பார்க்கலாம் என்பதால், இன்று பேனலில் உட்கார்ந்து திருத்துபவர்கள் குறைவு. ஆனால் கணினியை இணைத்ததும் ஒரே ஒலி மூன்று இடங்களில் இருக்கத் தொடங்குகிறது: மென்பொருளின் திரையில், கருவியின் எடிட் பஃபரில் (இப்போது ஒலிப்பது தற்காலிகமாக இருக்கும் இடம்), 32 இடங்கள் கொண்ட உள் நினைவகத்தில். இந்த மூன்றும் தாமாக ஒத்துப்போவதில்லை. இப்போது எதில் கை வைக்கிறோம் என்று தெரியாமல் வேலை செய்வதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

நகல் எடுக்காமல் அனுப்பிவிடுவது

இணையத்தில் கிடைத்த பேங்க் ஒன்றை ஆசையாக அனுப்பிப் பார்க்கிறோம். 32 ஒலி கொண்ட பேங்க் எடிட் பஃபருக்குப் போகாது. மெமரி ப்ரொடெக்ட் பூட்டு திறந்திருந்தால் நேராக உள் நினைவகத்தில் எழுதப்படும். முன்பு இருந்த 32 ஒலிகளும் அந்த நொடியே போய்விடும். பழைய உரிமையாளர் உருவாக்கிய ஒலிகள் இருந்திருந்தால் அவற்றை எங்கிருந்தும் மீட்க முடியாது. ஆகவே முதல் வேலை, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது.

இங்கேயே பலர் தடுமாறுகிறார்கள். மென்பொருளில் உள்ள 'பெறு' பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். முதல் தலைமுறை டிஎக்ஸ்7, கணினி கேட்டால் கொடுக்காது. பேனலிலிருந்து நாம்தான் அனுப்ப வேண்டும். ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி, 8-ஐத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். மிடி (இசைக்கருவிகளும் கணினியும் தரவு பரிமாறும் முறை) சேனலுக்கு அடுத்து 'சிஸ் இன்ஃபோ அன்அவைல்' என்று திரையில் வரும். 'யெஸ்' அழுத்தினால் அது 'அவைல்' ஆகும். இன்னொரு முறை 8 அழுத்தினால் 'மிடி ட்ரான்ஸ்மிட் ?' என்று கேட்கும். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன் என்ற மென்பொருள்களில் ஏதாவது ஒன்றைப் பதிவு செய்யும் நிலையில் வைத்துவிட்டு 'யெஸ்' அழுத்துங்கள்.

வந்த கோப்பின் அளவைக் கட்டாயம் பாருங்கள். சரியாக 4104 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் அது நகல் ஆகாது. இரண்டு முறை எடுத்து, இரண்டு கோப்புகளும் அச்சாக ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிட்டால் கவலையில்லை.

இதே வேளையில் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். ஃபங்ஷனில் 14 அழுத்தினால் மின்னழுத்தம் தெரியும். நல்ல பேட்டரி 3 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி போர்டில் பற்றவைக்கப்பட்டது. அதைக் கழற்றினால் நினைவகமும் காலி. மாற்றும்போது சிஆர்2032-க்கான ஹோல்டர் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள், அடுத்த முறை சால்டரிங் வேண்டியிருக்காது.

அனுப்பியதும் சேமித்தாயிற்று என்று நினைப்பது

ஒற்றை ஒலி அனுப்பும்போது கதை தலைகீழ். 163 பைட் கொண்ட அந்தச் செய்தி எடிட் பஃபரில் மட்டுமே உட்காரும். ஒலி அருமையாகக் கேட்கும், நாமும் நிம்மதியாக இருப்போம். வேறொரு வாய்ஸ் பொத்தானில் விரல் பட்டாலோ, டிஏடபிள்யூ (இசைப் பதிவு மென்பொருள்) ஒரு புரோகிராம் சேஞ்ச் (வேறு ஒலிக்கு மாறச் சொல்லும் மிடி கட்டளை) அனுப்பினாலோ பஃபரில் இருந்தது மாறிவிடும். பழைய புராஜெக்ட்டின் தொடக்கத்தில் ஒரு புரோகிராம் சேஞ்ச் ஒளிந்திருப்பது சாதாரணம். பிளே அழுத்தியதுமே திருத்திய ஒலி போய்விட்டது என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

கருவியில் நிலையாக வைக்க, மெமரி ப்ரொடெக்ட் பகுதியில் 'இன்டர்னல்' அழுத்தி 'நோ' கொடுங்கள். பிறகு ஸ்டோர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு 1 முதல் 32 வரை வேண்டிய எண்ணை அழுத்துங்கள். பேங்க் அனுப்பியும் ஒலிகள் மாறவில்லை என்றாலும் பெரும்பாலும் இந்தப் பூட்டுதான் காரணம். ஒவ்வொரு முறை கருவியை ஆன் செய்த பிறகும் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சிஸ் இன்ஃபோ 'அவைல்' நிலையில் பேனலில் வாய்ஸ் மாற்றினால், அந்த ஒலியின் முழுத் தரவும் கணினிக்குப் போகும். மென்பொருள் அதைப் பெறும் நிலையில் இருந்தால், திரையில் பாதி திருத்திய ஒலியின்மீது அது வந்து உட்கார்ந்துவிடும். திருத்தம் தொடங்கியபின் பேனலைத் தொடாமல் இருப்பதும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினியில் தனிக் கோப்பாகச் சேமிப்பதும் பாதுகாப்பு.

கேபிளையும் வேகத்தையும் பொருட்படுத்தாமல் இருப்பது

மிகவும் மலிவான யுஎஸ்பி-மிடி கேபிள்களில் சில, நோட்டுகளைச் சரியாகக் கடத்தும். ஒலித் தரவைச் சுமக்கும் நீண்ட சிஸ்எக்ஸ் செய்தி வந்தால் நடுவில் வெட்டிவிடும். வாசிக்க முடிகிறது, ஆனால் பேங்க் மட்டும் பிழை காட்டுகிறது என்றால் சின்தசைசரைத் திறக்க வேண்டாம், இன்டர்ஃபேஸை மாற்றிப் பாருங்கள்.

மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட், அதாவது 3125 பைட். ஒரு பேங்க் போய்ச்சேர 1.3 நொடி ஆகும். ஒரே ஒரு அளவுருவை மாற்றும் செய்தி 7 பைட்; கம்பி முழுக்க அதற்கே ஒதுக்கினாலும் நொடிக்கு ஏறத்தாழ 446 செய்திதான் போகும். என்வலப் படத்தில் ஒரு புள்ளியை மவுஸால் இழுத்தால் ரேட், லெவல் இரண்டும் சேர்ந்து மாறும். நோட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது வேகமாக இழுத்தால் 1983-இன் எட்டு பிட் செயலி தொடர்ந்து வர முடியாமல் திணறும். பஃபர் நிறைந்துவிட்டதாகப் பிழை வரும், சில மாற்றங்கள் விடுபட்டும் போகும். அப்போது திரையில் ஒன்று, கருவியில் வேறொன்று. மெதுவாக இழுங்கள். சந்தேகம் வந்தால் முழு ஒலியையும் ஒருமுறை திரும்ப அனுப்பிவிடுங்கள்.

எதுவுமே போகவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். சிஸ்எக்ஸ் செய்திக்குள்ளும் சேனல் எண் இருக்கிறது. பொருந்தாவிட்டால் டிஎக்ஸ்7 பிழை எதுவும் காட்டாமல் புறக்கணித்துவிடும். கியூபேஸ் போன்ற டிஏடபிள்யூக்கள் சிஸ்எக்ஸை முன்னிருப்பாகவே வடிகட்டுகின்றன. பல விண்டோஸ் டிரைவர்களில் ஒரு மிடி போர்ட்டை ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள்கள் திறக்கவும் முடியாது. எடிட்டரைத் தனியாக இயக்குவதே சுலபம்.

கணினியின் ஒலியைக் கேட்டு முடிவெடுப்பது

டெக்ஸெட் எடிட்டர் மட்டுமல்ல, தானே ஒலியெழுப்பும் சின்தசைசரும்கூட. திருத்தும்போது அதன் ஒலியைக் கேட்டுப் பழகிவிட்டு, பிறகு கருவிக்கு அனுப்பி ஏமாறுபவர்கள் நிறைய. பழைய டிஎக்ஸ்7-இன் 12 பிட் டிஏசி (எண்களை ஒலியலையாக மாற்றும் சிப்) தரும் சொரசொரப்பு, ஒலி தேய்ந்து மறையும் இடத்தில் தெளிவாகக் கேட்கும். மென்பொருளின் ஒலியை முழுக்க அடக்கிவிட்டு, கருவியின் அவுட்புட்டை மட்டும் கேட்டுத் திருத்துங்கள்.

வெலாசிட்டியும் (விசையை அடிக்கும் வேகம்) ஏமாற்றும். டிஎக்ஸ்7-இன் கீபோர்டு எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உச்ச அளவான 127-ஐ எட்டுவதில்லை. நவீன கீபோர்டிலிருந்து 127 வந்தால், வெலாசிட்டிக்கு இசையும் மாடுலேட்டர்கள் (வேறொரு ஆபரேட்டரின் ஒலி நிறத்தை மாற்றும் ஆபரேட்டர்கள்) அளவுக்கு மேல் திறந்து, மென்மையான எலக்ட்ரிக் பியானோ தகரமாகக் கணகணக்கும். ஒலியில் குறையில்லை, கீபோர்டின் வெலாசிட்டி வளைவைத்தான் குறைக்க வேண்டும்.

மாடுலேட்டரின் அவுட்புட் லெவலை மனம்போல இழுப்பதும் இதே வகைத் தவறு. மேல் எல்லையில் ஒரு படி ஏறத்தாழ 0.75 டெசிபெல். 99-லிருந்து 91-க்கு இறக்கினாலே மாடுலேஷன் பாதியாகிவிடும். கேரியரில் (நேரடியாகக் கேட்கும் ஆபரேட்டர்) இது ஒலியளவு மாற்றம் மட்டுமே. மாடுலேட்டரில் ஒலியின் நிறமே மாறும். ஒன்றிரண்டு படிகளாக நகர்த்திக் கேளுங்கள்.

கோப்பில் சேராதவற்றைச் சேர்ந்துவிட்டதாக நம்புவது

ஒரு ஆபரேட்டரை ஆஃப் செய்து பார்க்கிறோம், ஒலி பிடித்துப்போகிறது, சேமிக்கிறோம். அடுத்த முறை எடுத்தால் அந்த ஆபரேட்டர் மறுபடி ஒலிக்கிறது. ஆன்-ஆஃப் நிலை ஒலியோடு சேமிக்கப்படுவதே இல்லை. அது கேட்டுப் பார்ப்பதற்கான வசதி மட்டுமே. நிரந்தரமாக நீக்க அவுட்புட் லெவலை 0 ஆக்குங்கள். பிட்ச் பெண்ட் எல்லை, போர்ட்டமென்டோ (ஒரு சுருதியிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வது), மாடுலேஷன் வீலின் அளவு ஆகியவையும் முதல் டிஎக்ஸ்7-இல் ஒலியோடு போவதில்லை. கருவி முழுமைக்கும் பொதுவானவை. கோப்பின் பெயரிலோ பக்கத்தில் ஒரு குறிப்பிலோ எழுதி வையுங்கள்.

கோப்பு வகையிலும் ஒரு பொறி உண்டு. டிஎக்ஸ்21, டிஎக்ஸ்100 போன்ற நான்கு ஆபரேட்டர் கருவிகளின் கோப்புகள் ஆறு ஆபரேட்டர் கொண்ட டிஎக்ஸ்7-க்குப் பொருந்தாது.