ஓபியாய்டு போதையிலிருந்து மீள்பவருக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

ஹெராயினுக்கோ டாபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளுக்கோ, அதாவது ஓபியாய்டு வகைப் பொருட்களுக்கு, பழகிய ஒருவரை அறையில் பூட்டி ஒரு வாரம் காவல் காத்தால் சரியாகிவிடும் என்று பல குடும்பங்கள் இன்றும் நம்புகின்றன. போதையை நிறுத்தியதும் உடல்வலி, வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என வரும் விலகல் அறிகுறிகள் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். போதையின் மீதான ஏக்கமோ மாதக்கணக்கில் நீடிக்கும். சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை.

முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். எங்கே செல்வதென்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். எதை, எவ்வளவு, எத்தனை காலமாக எடுக்கிறார், ஊசியாகவா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி பயன்படுத்தியவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனைகள் தேவை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால், அவற்றைத் திடீரென நிறுத்துவது வலிப்பில் முடியக்கூடும் என்பதால், வீட்டில் முயலவே வேண்டாம்.

மருத்துவர் பெரும்பாலும் நாக்குக்கு அடியில் கரையவிடும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தருவார். விலகல் அறிகுறிகள் தொடங்கிய பிறகே அதைத் தொடங்க வேண்டும். முந்திக் கொடுத்தால் அவதி சட்டென்று கூடிவிடும். இதுவும் ஓர் ஓபியாய்டே என்பதால், ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அளவாகத் தரப்படும் இம்மருந்து, ஏக்கத்தை அடக்கி, வேலைக்குப் போய்வரும் நிலையில் அவரை வைத்திருக்கிறது, மரண அபாயத்தையும் குறைக்கிறது. அவசரப்பட்டு அதை நிறுத்தச் சொல்வதுதான் குடும்பங்கள் செய்யும் பெரும்பிழை என்பேன்.

போதை மீட்பு மையத்திலிருந்து வீடு திரும்பும் முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை. உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால், முன்பு பழகிய அதே அளவு இப்போது உயிரைப் பறிக்கலாம். இதை அவரிடமே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பேசினால் ஆசை தூண்டப்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மூச்சு மெதுவாகி, உதடு நீலம்பாரித்து, கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கி, எழுப்பியும் எழாதிருந்தால் 108ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றுபோனால், அழைப்பில் இருப்பவர் சொல்லும்படி உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்குங்கள். என்ன எடுத்தார் என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொன்னால், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்தைத் தரலாமா என்று முடிவெடுக்க அவர்களுக்கு உதவும்.

மீண்டும் ஒருமுறை எடுத்துவிட்டார் என்று தெரியவந்தால், ஊரைக் கூட்டாமல், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவு போதாமலும் இருக்கலாம்.