வீட்டு அறையில் மின்னணு இசையை மிக்ஸ் செய்யும்போது ஒப்பீட்டுப் பாடலைப் பயன்படுத்துவது எப்படி?

நான் மிக்ஸிங் (தனித்தனி ஒலிகளை அளவாகச் சேர்த்து ஒரே பாடலாக்கும் வேலை) செய்யும் அறை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய தகரக் கூரை அறை. அது பத்தடிக்குப் பத்தடி. ஒரு சுவர் அண்டை வீட்டாருடன் பொதுவானது. சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் ஒருவரின் திருமண விருந்துக்காக ஒரு ஹவுஸ் (மின்னணு நடன இசை வகை) பாடலை இந்த அறையிலேயே முடித்து எடுத்துச் சென்றேன். வீட்டில் நெஞ்சில் இடித்த கிக் (தாளத்தின் கனமான டிரம் அடி), மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. டீஜே அடுத்த பாடலைப் போட்டதும் தரை அதிர்ந்தது. ஆகவே ஸ்பீக்கரைக் குறை சொல்ல வழியில்லை. அந்த இரண்டு பாடல்களையும் வீட்டிலேயே அடுத்தடுத்துக் கேட்டிருந்தால் குறை முன்பே தெரிந்திருக்கும். அப்படிக் கேட்பதற்காக வைத்துக்கொள்ளும், தொழில்முறையில் மிக்ஸ் செய்து வெளியான பாடலையே ரெஃபரன்ஸ் டிராக் என்கிறோம். இந்தக் கட்டுரையில் அதை ஒப்பீட்டுப் பாடல் என்று குறிப்பிடுகிறேன்.

முதலில், பாடலைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு அல்லது மூன்று பாடல்கள் போதும். நீங்கள் செய்யும் இசை வகையையே அவையும் சேர்ந்திருக்க வேண்டும்; 124 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடிகள்) வேகத்தில் செல்லும் ஹவுஸ் பாடலுக்கு 174 பிபிஎம்மில் ஓடும் டிரம் அண்ட் பேஸ் பாடல் பொருந்தாது, ஏனெனில் கிக் விழும் அமைப்பும், பேஸ் (அடிமட்ட இசை) அதோடு இடம் பகிரும் விதமும் இரண்டிலும் வேறு.

தொடக்கநிலையில் பலர் கவனிக்காத இன்னொன்று சுருதி. ஏ மைனரில் அமைந்த பாடலின் பேஸ் பெரும்பாலும் 55 ஹெர்ட்ஸைச் சுற்றி ஊன்றி நிற்கும்; எஃப் மைனர் என்றால் ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸ். இந்த இரண்டு அதிர்வெண்களும் சிறிய அறையில் முற்றிலும் வேறுவிதமாக நடந்துகொள்வதால், ஒப்பீட்டுப் பாடல்களில் ஒன்றாவது உங்கள் பாடலின் சுருதியில், அல்லது அதற்கு அரைச்சுரம் மேலோ கீழோ இருப்பது நல்லது.

பாடலை விலை கொடுத்து, ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக வாங்குங்கள். பேண்ட்கேம்ப், பீட்போர்ட் போன்ற தளங்களில் அவை கிடைக்கும். காணொலித் தளத்திலிருந்து பிடித்து எடுத்த எம்பி3 கோப்பில் ஹை-ஹாட்டின் (டிரம்மின் சிறு ஜால்ரா ஒலி) மேல்முனை மழுங்கியிருக்கும். அதைப் பார்த்து உங்கள் ஹை-ஹாட்டையும் மழுக்கிவிடுவீர்கள்.

மென்பொருளில் அதை வைக்கும் இடம்

தனி டிராக் ஒன்றில் பாடலை இடுங்கள். எல்லா டிராக்குகளும் வந்து சேரும் உங்கள் மாஸ்டர் டிராக்கில் உள்ள, ஒலியை இறுக்கும் கம்ப்ரஸர், லிமிட்டர் எதுவும் அதன்மேல் விழக்கூடாது, ஏனெனில் அது ஏற்கெனவே மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி மெருகேற்றல்) முடிந்து வந்த பாடல். ஏபிள்டன் லைவில் அந்த டிராக்கின் ஆடியோ டூ என்ற இடத்தில் எக்ஸ்ட். அவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாடல் மாஸ்டரைத் தொடாமல் நேராக வெளியே செல்லும். எஃப்எல் ஸ்டுடியோவில் மிக்ஸர் இன்சர்ட்டிலிருந்து மாஸ்டருக்குச் செல்லும் இணைப்பை நீக்கிவிட்டு, ஸ்பீக்கருக்குரிய வெளியீட்டை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். லைவ் பயனர்கள் வார்ப் என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். நீண்ட கோப்புகளை அது தானாகவே உங்கள் பாடலின் வேகத்துக்கு இழுத்துச் சரிசெய்யப் பார்க்கும், அப்போது கிக்கின் கூர்மை கெடும்.

ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். ஒரே பாடலை ஒரு டெசிபெல் கூட்டி வைத்துக் கேட்டாலே, அது மேலும் தெளிவாகவும் செறிவாகவும் இருப்பதாக நம் காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஒலி கூடும்போது அடியோசையும் உச்சியோசையும் நமக்கு அதிகமாகக் கேட்கின்றன என்பதை ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். கடையில் வாங்கிய நடனப் பாடல் உங்கள் மிக்ஸைவிட மிகவும் உரக்க ஒலிக்கும். அந்த நிலையிலேயே ஒப்பிட்டால், உங்கள் பாடலில் எல்லாமே குறைவாக இருப்பதாகத் தோன்றி, எல்லா ஃபேடரையும் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) ஏற்றத் தொடங்குவீர்கள்.

யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். அதை ஒப்பீட்டுப் பாடலின் டிராக்கில் ஒன்றும் உங்கள் மாஸ்டரில் ஒன்றுமாக வையுங்கள். முழுப் பாடலின் சராசரியைப் பார்க்காதீர்கள்; நீண்ட முன்னிசையும் இடையில் வரும் அமைதியான பகுதியும் அந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும். இரண்டு பாடல்களிலும் டிராப் (கிக்கும் பேஸும் முழு வலுவோடு இறங்கும் பகுதி) வரும் இடத்தை மட்டும் ஓடவிட்டு, மூன்று விநாடிகளின் சராசரியைக் காட்டும் ஷார்ட் டெர்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுப் பாடல் −8 எல்.யூ.எஃப்.எஸ் (காது உணரும் உரப்பின் அளவு), உங்கள் பாடல் −18 எல்.யூ.எஃப்.எஸ் என்று வந்தால், ஒப்பீட்டுப் பாடலைப் பத்து டெசிபெல் குறையுங்கள். உங்கள் பாடலை ஏற்ற வேண்டாம். அதன் உச்சம் −6 டெசிபெல் அளவில் நின்றால் மாஸ்டரிங்கிற்கு இடம் இருக்கும். எண்கள் ஒத்துவந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை மாற்றி மாற்றிக் கேட்டு, தேவையானால் அரை டெசிபெல் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி

டிராப்பில் பத்து விநாடி ஒப்பீட்டுப் பாடல், பத்து விநாடி உங்கள் பாடல் என்று மாற்றுங்கள். ஒரு சுற்றில் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். கிக் பெரிதா, பேஸ் பெரிதா? கிக் விழும்போது பேஸ் எவ்வளவு பின்வாங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப வருகிறது? ஹை-ஹாட், முன்னணி மெட்டுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னாலா? கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே ஃபேடரைத் தொடுங்கள். கேட்டுக்கொண்டே திருத்தினால், முதலில் கேட்டது எது, திருத்தியதால் வந்தது எது என்பது ஐந்து நிமிடத்தில் குழம்பிவிடும்.

அடியோசைக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் வீட்டு அறை நம்மை ஏமாற்றுவது அங்கேதான். பத்தடி என்பது ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலியின் வேகத்தை விநாடிக்கு 345 மீட்டர் என்று கொண்டு, அதை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் சுமார் 57 ஹெர்ட்ஸ் வருகிறது. இந்த அதிர்வெண்ணில் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலைகொண்டு, சுவரோரம் வீங்கியும் அறையின் நடுவில் மெலிந்தும் கேட்கும். திருமணப் பாடலைச் செய்தபோது என் நாற்காலியின் முதுகு பின்சுவரை ஒட்டியிருந்தது. பாடலோ ஏ மைனர். 55 ஹெர்ட்ஸில் எழுந்த வீக்கத்தைக் கிக்கின் குறை என்று நினைத்து ஈக்யூவில் (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஆறு டெசிபெல் வெட்டினேன். மண்டபத்தில் அந்த வீக்கம் இல்லை. நான் வெட்டிய பள்ளம் மட்டுமே இருந்தது.

அதே நாற்காலியில் அமர்ந்து, அதே சுருதியில் அமைந்த ஒப்பீட்டுப் பாடலைக் கேட்டிருந்தால், அதுவும் அங்கே வீங்கியிருக்கும். அப்போது வீக்கம் அறையினுடையது, பாடலினுடையது அல்ல என்று தெரிந்திருக்கும். உங்கள் காதில் கிக் சரியாகப் படுகிறதா என்று பார்ப்பதைவிட, ஒப்பீட்டுப் பாடலின் கிக் இந்த அறையில் எவ்வளவு வீங்குகிறதோ அவ்வளவே உங்கள் கிக்கும் வீங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு டிராக்குகளிலும் 120 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை ஒரு ஃபில்டரால் தற்காலிகமாக மறைத்துவிட்டால் இதைக் கேட்பது எளிது. ஐந்து அங்குல ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடுவதால், அந்த ஆழத்தை ஹெட்போனிலும் இதேபோல் ஒப்பிட வேண்டும். எங்கள் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் மாலை வரை ஓடுவதாலும், தகரத்தில் மழை இறங்கினால் எதுவுமே கேட்காது என்பதாலும், அடியோசை வேலையை நான் இரவு உணவுக்குப் பிறகே வைத்துக்கொள்கிறேன். அண்டை வீட்டாருக்காக ஒலியைக் குறைத்து வைப்பது தடையல்ல. அந்தக் குறைந்த ஒலியிலும் இரண்டு பாடல்களும் ஒன்றுபோலவே பாதிக்கப்படுகின்றன.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை வளைவாகக் காட்டும் வொக்ஸெங்கோ ஸ்பான் போன்ற இலவசக் கருவியைத் துணைக்குத் திறந்து வைக்கலாம். ஆனால் அதில் தெரியும் வளைவை அப்படியே வரைந்து ஒத்துவர வைக்கும் வேலையில் இறங்காதீர்கள். அந்தப் பாடலின் இசைக்கருவிகள் வேறு. பலமுறை ஈக்யூ செய்தும் உங்கள் கிக் அருகில் வரவில்லை என்றால், அது மிக்ஸிங் குறை அல்ல. வேறு கிக் ஒலித்துண்டைத் (சாம்பிள்) தேர்ந்தெடுங்கள்.

ஒப்பீட்டுப் பாடல் பதில் சொல்லாத இடம்

நம் ஊர்களில் பலர் மின்னணுத் தாளத்தோடு உறுமி மேளத்தைச் சேர்க்கிறார்கள், நானும் சேர்க்கிறேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் ஏறி இறங்கிப் பேஸின் இடத்துக்குள் புகுந்துவிடும். வெளிநாட்டு ஹவுஸ் பாடலில் அப்படி ஒரு கருவியே இல்லை. ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கிக்கும் பேஸும் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு அந்த ஹவுஸ் பாடல், உறுமி எவ்வளவு முன்னால் கேட்க வேண்டும் என்பதற்கு நன்றாகப் பதிவான ஓர் உறுமி மேளப் பாடல். இரண்டும் மோதும் இடத்தில், முனகலின் அடிப்பகுதியைக் கிக் விழும் கணங்களில் மட்டும் சைட்செயினால் (ஓர் ஒலி வரும்போது இன்னொன்றைத் தானாகத் தாழ்த்தும் முறை) தாழ்த்துகிறேன். முழுவதுமாக வெட்டிவிட்டால் உறுமி உறுமியாக இருக்காது. அதைவிடக் கிக் சற்று மெலிந்து கேட்பது எனக்குப் பரவாயில்லை.

வெளியே எடுத்துச் செல்லுமுன்

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு உங்கள் பாடலைக் கோப்பாக்கி, கார், கைப்பேசி, புளூடூத் ஸ்பீக்கர் ஆகியவற்றில் கேளுங்கள். தனியாக அல்ல, ஒலியளவு குறைத்த ஒப்பீட்டுப் பாடலையும் தனிக் கோப்பாகச் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். காரும் ஓர் அறைதான், அதுவும் தன் பங்குக்கு எதையாவது வீங்க வைக்கும். இறுதிக் கோப்பை உருவாக்கும் நாளில், எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்துமுன் ஒப்பீட்டு டிராக்கை அணைத்துவிட்டு, உருவான கோப்பை முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை ஒருமுறை முழுவதுமாகக் கேட்டுவிடுங்கள்.