மேல்மலை தோட்டத்தையும் டவுன் சமையல்கட்டையும் சேத்து வைக்கிற வேலை: புதுசா இறங்குறவங்களுக்கு

கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைன்னு எந்தப் பக்கம் போனாலும் கேரட், உருளை, பீன்ஸ், பூண்டுதான். அதுல பெரும்பகுதி லாரி ஏறி ஒட்டன்சத்திரம், மதுரைன்னு கீழ போயிடுது. டவுன்ல இருக்குற ஹோட்டல், ஹாஸ்டல் மெஸ்ஸெல்லாம் கடையில காய் வாங்குறாங்க, அதுல கீழ இறங்கி மறுபடி மலையேறி வந்த காயும் கலந்திருக்கும். இந்த ரெண்டு பக்கத்தையும் நேரா பேச வைக்கிறவர்தான் ஒருங்கிணைப்பாளர். இந்த வேலைக்கு நம்ம மலையில இன்னும் நெறைய பேர் வேணும், அதான் எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு, நீங்க வியாபாரி இல்ல. சரக்க உங்க பேர்ல வாங்கி உங்க பேர்ல விக்க ஆரம்பிச்சீங்கன்னா விவசாயி உங்களையும் இன்னொரு கமிஷன் கடையாத்தான் பாப்பாரு, அப்படிப் பாத்தா தப்பும் இல்ல. உங்களுக்கு சம்பளமோ சர்வீஸ் சார்ஜோ எதுவா இருந்தாலும் எவ்ளோன்னு ரெண்டு பக்கமும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

ஆரம்பிக்கும்போது மீட்டிங் போடாதீங்க. தோட்டத்துக்குப் போங்க, காலையில காய் பறிக்கிற நேரமாப் பாத்து. யாரு எப்ப என்ன போட்டிருக்காங்க, எப்ப எடுப்பாங்க, எந்த மண்டிக்குப் போடுறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அடுத்து கேக்க வேண்டிய கேள்வி அட்வான்ஸ் பத்தி, ஆனா அத எடுத்த எடுப்புல கேக்க முடியாது, பழகின பிறகு "அண்ணே, கடையில ஏதும் நிக்குதா"ன்னு தன்மையா கேக்கணும். வெதைக்கும் உரத்துக்கும் கமிஷன் கடையில முன்பணம் வாங்கியிருந்தா சரக்கு அந்தக் கடைக்குத்தான் போகணும். அது வெறும் கடன் மட்டும் இல்ல, வீட்டுல கல்யாணம், ஆஸ்பத்திரி செலவுன்னா ராத்திரி போன் பண்ணினா காசு குடுக்குறது அந்தக் கடைக்காரர்தான். அந்த உறவ அத்துவிட்டுட்டு வாங்கன்னு சொல்ற உரிமை நமக்கு இல்ல, நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி செலவுக்கு நாம குடுக்கப் போறதும் இல்ல. பத்து மூட்டையில ஒண்ணோ ரெண்டோ நமக்கு, மிச்சம் வழக்கம்போல மண்டிக்குன்னு ஆரம்பிச்சா யாருக்கும் சங்கடம் இல்ல.

விலை பேசுறதுக்கு முன்னாடி கைக்கு வர்ற காசு எவ்ளோன்னு விவசாயியோட உக்காந்து கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு மண்டியில கேரட் கிலோ 30 ரூபான்னு வைங்க. கமிஷன் 3, லாரி வாடகை 2, ஏத்துக்கூலி இறக்குக்கூலி 1, சாக்கு 1 போக கையில 23. அதே கேரட்ட டவுன் ஹோட்டல் 34க்கு எடுத்தா, ஜீப்புக்கும் தரம் பிரிக்கவும் 5 போனாலும் 29 நிக்கும். ஹோட்டல்காரருக்கும் அந்த 34, டவுன் கடையில வாங்குற விலையவிடக் கம்மியாத்தான் இருக்கும். இந்தக் கணக்க அவங்க கண்ணு முன்னாடி, அவங்க சொல்ற நம்பர வச்சே போடணும், நீங்க வீட்டுல போட்டு எடுத்துட்டுப் போனா நம்ப மாட்டாங்க. விலைய தினம் மாத்தாதீங்க, ஒரு மாசத்துக்கு ஒரு ரேட்டுன்னு பேசி, மண்டி விலை ரொம்ப ஏறினா எறங்கினா எவ்ளோ மாத்திக்கிறதுன்னும் அப்பவே எழுதி வச்சுக்கோங்க. மண்டியில திடீர்னு 60 ரூபா ஆயிட்டா விவசாயி அங்கதான் போவாரு, 10 ரூபா ஆயிட்டா ஹோட்டல்காரர் கடைக்குப் போவாரு, இது ரெண்டையும் முன்கூட்டியே பேசாம விட்டாதான் சண்டை.

இப்ப வாங்குற பக்கம். மேனேஜர்கிட்ட மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க, காய நல்லா இருக்குன்னு சொல்றதும் திருப்பி அனுப்புறதும் சமையல் மாஸ்டர்தான். மாஸ்டரையும் ரெண்டு விவசாயியையும் ஒரே எடத்துல உக்கார வைங்க. ஒரு சாக்க விரிச்சு அரை மூட்டை கேரட்டக் கொட்டுங்க. மாஸ்டர் கையாலயே பிரிக்கட்டும், இது சாலடுக்கு, இது சாம்பாருக்கு ஓகே, இது வேணாம்னு. ரெண்டா பிளந்தது, விரல் சைஸ்ல இருக்குறது, மேல பச்சை ஏறினது எல்லாம் தனியா வந்துடும். அந்தக் குவியல் ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுத்து குரூப்ல போட்டு வைங்க, அப்புறம் "நல்ல காய் அனுப்புங்க"ன்னு பொதுவா பேசுற பேச்சே இருக்காது. அப்படியே பிளந்த கேரட்டுக்கும் பாதி விலையில ஒரு வழி கேட்டுப் பாருங்க, ஹாஸ்டல் மெஸ்ல பொரியலுக்கு அறுத்துப் போட்டா பிளந்தது யாருக்குத் தெரியும்.

பணம் எப்ப வரும்ங்கறதுதான் நெறைய எடத்துல இந்த வேலைய முறிக்குது. ஹோட்டல்ல பில்லு பாஸாக ஒரு மாசம் ஆகும்பாங்க, மண்டியில அன்னைக்கே காசு. சின்ன விவசாயியால காத்திருக்க முடியாது, கூலி ஆளுக்கு சாயங்காலம் குடுத்தாகணும். அதனால வாரம் ஒருதடவை செட்டில்மென்ட்டுக்கு ஒத்துக்கிற சின்ன மெஸ், சின்ன ஹோட்டல்ல ஆரம்பிங்க, பெருசு பெருசா ஆசைப்படாதீங்க. காசு ஹோட்டல், மெஸ்ல இருந்து விவசாயிக்கு நேரா போகட்டும், உங்க அக்கவுன்ட் வழியா வேண்டவே வேண்டாம்.

தராசு முக்கியம். எலக்ட்ரானிக் தராசா இருந்தா வருஷா வருஷம் தொழிலாளர் துறை முத்திரை வாங்கணும். தோட்டத்துல ஒரு எடை, கிச்சன்ல ஒரு எடைன்னு வந்தா உங்க பேர்தான் கெடும். கழுவின காயா கழுவாததா, ஈரம் எவ்ளோ கழிக்கிறதுன்னும் பேசி வைங்க.

பூண்டுக்குத் தனியா கவனம் வேணும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ல வெளைஞ்சதுக்கு மட்டும் அந்தப் பேர்ங்கற சட்ட உரிமை, கெடைச்சுது. தாளோட கட்டு கட்டி அடுப்புப் புகையில காய வச்ச பூண்டு மாசக்கணக்குல கெடாம இருக்கும். அதுல பெரும்பகுதி பெரியகுளம் பக்கம் வடுகபட்டி மார்க்கெட்டுக்குப் போகுது, வெளியில வேற ஊர் பூண்ட மலைப்பூண்டுன்னு விக்கிறதும் நடக்குது. அந்தக் குறியீட்ட சட்டப்படி போட்டு விக்கணும்னா விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனரா பதிவு பண்ணணும், அதுக்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில. அந்த விண்ணப்பத்த நிரப்பி, அவங்க கேக்குற நகலெல்லாம் சேத்து அனுப்பி, பதில் வர்ற வரைக்கும் பின்னாடியே போறது ஒருங்கிணைப்பாளர் செய்யக்கூடிய ரொம்ப உருப்படியான வேலை. அதே மாதிரி சான்று இல்லாத காய ஆர்கானிக்குன்னு நீங்களும் சொல்லாதீங்க, யாரையும் சொல்ல விடாதீங்க. மருந்து அடிச்சா அடிச்சதுன்னே சொல்லலாம், அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிச்சதுன்னும் சேத்துச் சொன்னா வாங்குறவங்களுக்கு அதுவே பெரிய நம்பிக்கை.

ஏப்ரல், மே சீசன்ல டவுனுக்கு வேண்டிய காய் ரெண்டு மூணு மடங்குகூட ஆகலாம், ஜூலை வந்தா ரூமெல்லாம் காலி. 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டி மலையேற இ-பாஸ் வேற வாங்கணும். அதனால வெதைக்கிறதுக்கு முன்னாடியே ஹோட்டல்கிட்ட மாசவாரியா எவ்ளோ வேணும்னு கேட்டு அத விவசாயிக்குச் சொல்லணும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைஞ்சு போகலாம், டிசம்பர், ஜனவரியில உறைபனி, நடுவுல காட்டுமாடு. ஒருத்தர் தோட்டத்த மட்டும் நம்பாம, ஒரே காய்க்கு மூணு நாலு ஊர்ல ஆள் வச்சுக்கோங்க. கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வாழை, அவகாடோ, சௌசௌ, மிளகு இருக்கு, அதையும் அதே ஜீப்ல சேத்துக்க முடிஞ்சா வாடகை பங்காயிடும்.

திறமைன்னு பாத்தா பேசுறதவிட கேக்கத் தெரியணும். ஒருத்தர்கிட்ட கேட்ட விலைய இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. இன்னைக்கு 40 கிலோதான் வரும்னா ராத்திரியே மாஸ்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடணும், காலையில ஜீப்ல இருந்து இறக்கும்போது இல்ல. வீட்டுல கணக்கு பாக்குறது அக்காதான்னா அவங்களையும் பேச்சுல உக்கார வைக்கணும், பல தோட்டத்துல களை எடுத்து, அறுத்து, தரம் பிரிக்கிறது அவங்க கைதான்.

ரெண்டு மூணு சீசன் ஓடினப்புறம் போன், நோட்டு, ரேட்டு பேசுறது எல்லாத்தையும் விவசாயிங்கள்ல ஒருத்தர்கிட்ட மெதுவா மாத்துங்க. பத்து விவசாயி சேந்தா உற்பத்தியாளர் கம்பெனியா பதிவு பண்ண சட்டத்துல எடம் இருக்கு, ஆனா ஆடிட்டர் செலவு, வருஷக் கணக்கு தாக்கல் எல்லாம் கூடவே வரும், அத தாங்குற அளவுக்கு சரக்கு ஓடுதான்னு பாத்துட்டுப் பதிவு பண்ணுங்க. அதுவரைக்கும் ஒரு சாதா குழு, ஒரு வங்கிக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து போதும்.